மணியன் என்று கூப்பிட்டபோது

வீரமுனை வயலோரத்தில் ஒரு வீடு. கல்முனைக்குப் போகும் மாட்டு வண்டில் வருவதற்குள் நன்றி சொல்ல வந்திருக்கிறேன். நேற்று வரப்பில் என் மகளுக்கும் நாகத்துக்கும் நடுவே பாய்ந்த இந்த வீட்டு நாய் மணியன் கடிபட்டுச் செத்தது. அதிலிருந்து மகள் ஒரு வார்த்தை பேசவில்லை.

இவர்கள் வயற்காவலுக்கு நாய் வளர்க்கிறவர்கள். முற்றத்தில் நிற்கும் ஒவ்வொரு நாய்க்கும் செத்துப்போன ஒன்றின் பெயர். வீட்டுக்காரி தங்கம்மா மூன்று குட்டிகளைக் கொண்டுவந்து மணலில் விடுகிறாள்.

"பேர் சும்மா கிடக்கக் கூடாது டீச்சர். அவன் காப்பாத்தின புள்ளதான் கூப்பிடோணும். எந்தக் குட்டி வருகுதோ, அதுக்குத்தான் பேர்."

"இவள் கதைக்கிறாளே இல்லை."

"என்னகா, நாக்கையும் பாம்பு கொண்டு போயித்தா? மணியன் எண்டு கூப்பிடு மகள்."

மகள் உதட்டை நனைத்துக்கொள்கிறாள். "மணியன்!"

குட்டிகள் அசையவில்லை. அடுப்படிக்குப் பின்னாலிருந்து வயதான பெட்டை நாய் ஒன்று ஓடி வருகிறது. எங்களைக் கடந்து போய், வயலைப் பார்த்து வாலாட்டி நிற்கிறது.

தங்கம்மா தலையில் கை வைக்கிறாள். "இது அவன்ட தாய், டீச்சர். பேர் வைக்கக்குள்ள கட்டிப்போட மறந்து போயித்தன்."

வண்டில்காரர் வாசலில் நின்று கூப்பிடுகிறார். மகள் என் கையை விட்டுவிட்டு அந்த நாயின் அருகே போய்க் குந்துகிறாள்.

"அவன் வரமாட்டான்," என்று அதனிடம் சொல்கிறாள்.