கப்பல்காரரின் கை

தீவிர சிகிச்சைப் பிரிவு மூன்றாம் மாடியில். கூட வந்தவர்கள் கீழே கொட்டகையில் காத்திருக்க வேண்டும். தேவையென்றால் போனில் கூப்பிடுவார்கள். அங்கேதான் அவரைப் பார்த்தேன், ஒரு நண்பகலில். உப்புக்காற்றில் கருத்த முகம், வெளுத்துப்போன புருவம். மேலே படுக்கையில் என் தம்பி. அவருடைய மனைவியும் அங்கேதான்.

அரியாங்குப்பத்துக்காரர். எரிவாயுவைக் குளிரவைத்துத் திரவமாக்கிக் கடல் தாண்டிக் கொண்டுபோகும் கப்பலில் வேலை. "அவ்ளோ குளுருலயும் அது உள்ளுக்குள்ள கொதிச்சிக்கினே இருக்கும் சார்" என்றார், மாடியைப் பார்த்தபடி.

ஆக்சிஜன் லாரி ஒன்று வந்து நாங்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்குப் பக்கத்தில் சிலிண்டர்களை இறக்கத் தொடங்கியது. அவர் சட்டென்று போனை எடுத்து அணைத்தார்.

"ஏங்க?"

"கேஸ் ஏத்தும்போது டெக்ல போன் கூடாது சார். ஒரு பொறி போதும். பதினாலு வருஷப் பழக்கம்."

"இது கப்பல் இல்லீங்களே!"

"தெரியுது. கை கேக்க மாட்டேங்குது." சிரித்தார். நானும் சிரித்துவிட்டு, அதை அப்படியே விட்டுவிட்டேன்.

லாரி போவதற்குள் நர்ஸ் ஓடி வந்தாள்.

"அண்ணா, எத்தினி வாட்டி போன் அடிக்கிறது? உங்களத்தான் கேட்டுக்கினே இருந்தாங்க அந்த அக்கா."

"இருந்தாங்களா?" என்றார்.

நர்ஸ் தலை குனிந்தாள்.

அவர் ஓடவில்லை. ஒவ்வொரு படியாக ஏறினார். "கப்பல்ல ஒரு நாளும் தப்பு செஞ்சதில்ல சார்" என்றார், திரும்பாமலே. பின்னாலேயே நானும் ஏறினேன்.