வியன்னாவில் ஒரு பியானோத் தேர்வு

டில்லி துவாரகாவில் எங்கள் குடியிருப்பிலிருந்து விமான நிலையம் பன்னிரண்டு கிலோமீட்டர். மெட்ரோவுக்குத் தூண்கள் எழுப்பிக்கொண்டிருந்த காலம். டாக்ஸிக்கு இருநூறு ரூபாய் கேட்டார்கள்.

"விலாயத் கூம்னே ஜா ரஹே ஹோ, சாப்?" என்றார் டிரைவர்.

வெளிநாடு சுற்றிப் பார்க்க அல்ல, மகளுக்குப் பரீட்சை என்றேன். பரீட்சை எழுத இவ்வளவு தூரமா என்று இந்தியிலேயே வியந்தார்.

மகள் நித்யாவுக்குப் பதினெட்டு வயது. கரோல் பாக்கில் ஒரு தேவாலயத்து டீச்சரிடம் ஒன்பது வருடமாகப் பியானோ படிக்கிறாள். வியன்னாவில் நடக்கும் இளைஞர் போட்டி ஒன்றுக்குத் தன் வாசிப்பைப் பதிவு செய்து அனுப்பியிருந்தாள். தகுதிச் சுற்றுக்கு நேரில் வரச் சொன்னார்கள். அரசு அலுவலகத்தில் ஒரு வாரம் லீவு வாங்கிக்கொண்டு நானும் புறப்பட்டேன்.

சனிக்கிழமை மதியம், எட்டு மணி நேரப் பயணத்துக்குப் பின் வியன்னா. மார்ச் மாதக் குளிர் கோட்டுக்குள்ளும் வந்தது. டீச்சரின் சிநேகிதி லீலாம்மா விமான நிலைய வாசலில் காத்திருந்தார். மலையாளி, டில்லியில் நர்ஸாக இருந்து, பிறகு இங்கே வந்து இருபது வருடம் ஆகிறது. ரயிலிலும் பிறகு டிராமிலுமாக அவர் வீட்டுக்குப் போனோம். வழியெல்லாம் இசை மேதைகளின் சிலைகள். நித்யா ஒன்றையும் பார்க்கவில்லை. மடியில் விரல்களை ஓட்டிக்கொண்டே வந்தாள்.

ஞாயிறன்று ஊரே கதவடைத்துக் கிடந்தது. பயிற்சி அறைகளும் பூட்டியிருந்தன. சாப்பாட்டு மேஜையையே பியானோவாக்கி நாள் முழுக்க வாசித்தாள்.

"பயமா இருக்காடி?" என்றேன்.

"தோடா சா, கொஞ்சூண்டுதான், அப்பா. பேசாதீங்க, எண்ணிக்கை விட்டுப்போகுது."

திங்கள் காலை பத்து மணிக்கு அவள் முறை. பெற்றோருக்கு உள்ளே அனுமதியில்லை. தடித்த இரட்டைக் கதவு; எவ்வளவு ஒட்டி நின்றும் எதுவும் கேட்கவில்லை. நான் எதிர்பார்த்ததற்கு வெகு முன்பே வெளியே வந்தாள்.

"நடுவுல நிறுத்திட்டாங்கப்பா. ஸ்லோ பார்ட் வரவே இல்ல. அதுதான் நான் நல்லா வாசிப்பேன்."

எல்லோரையும்தான் பாதியில் நிறுத்தினார்கள் என்று பிறகு தெரிந்தது. மாலை ஐந்து மணிக்குத் தேர்வானவர்களின் பெயர்களை வாசித்தார்கள். அவள் பெயர் இல்லை. நான் அவள் கோட்டை எடுத்துக்கொண்டு வருவதற்குள், அவள் நேராக நடுவர்களில் ஒரு அம்மாளிடம் போய் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டுவிட்டு வந்தாள்.

"வேகமான இடத்துல விரல் திக்குதாம். சரிதான், அப்பா. திக்கிச்சு."

அதுவரை நன்றாகத்தான் இருந்தாள். டிராமில் ஏறியதும் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள்.

லீலாம்மா விவரம் கேட்டுக்கொண்டு, எங்களுக்குச் சோறும் மோர்க்குழம்பும் போட்டார். பிறகு கீழ் வீட்டுக்குப் போய்விட்டு வந்தார்.

"கீழே பியானோ உண்டு, மோளே. எட்டு மணி வரைக்கும் வாசிக்கலாமாம். வா."

"இப்ப எதுக்கு ஆன்ட்டி? எல்லாம் முடிஞ்சுபோச்சே."

"அவங்க நிறுத்தினா நிறுத்தட்டே. எனக்குக் கேக்கணும்."

கீழ் வீட்டில் ஒரு இளம் தாய், இடுப்பில் குழந்தை. நித்யா உட்கார்ந்தாள். வீட்டில் அவளிடம் இருப்பது மின்சாரக் கீபோர்டு. காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டுதான் வாசிப்பாள். தேவாலய வகுப்பு நான் அலுவலகத்தில் இருக்கும் நேரம். ஒன்பது வருடத்தில் அவள் வாசித்து நான் முழுதாகக் கேட்டது அன்றைக்குத்தான்.

வேகமான பகுதியில் மறுபடியும் திக்கியது. அவள் நிற்கவில்லை. அதன் பின் அந்த மெதுவான பகுதி வந்தது. ஒவ்வொரு ஒலியும் அடங்குவதற்குக் காத்திருந்து அடுத்ததைத் தொட்டாள். வீட்டில் எதற்கும் ஜல்தி ஜல்தி என்று பறக்கிற பெண்ணுக்கு இந்தப் பொறுமை எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரியவில்லை. லீலாம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். குழந்தை உறங்கிவிட்டது.

அந்த இளம் தாய் ஜெர்மனில் மெல்ல ஏதோ சொன்னாள். "இன்னொரு தடவை வாசிப்பாளான்னு கேக்கறா" என்றார் லீலாம்மா.

நித்யா என்னைப் பார்த்தாள்.

"வாசிடி" என்றேன்.

வியாழக்கிழமை டில்லி திரும்பினோம். இறங்கியதுமே ஸ்வெட்டரைக் கழற்ற வேண்டியிருந்தது. அலுவலகத்தில் எல்லோரும் வியன்னா அரண்மனையைப் பற்றிக் கேட்டார்கள். அரண்மனை பார்க்கவில்லை, பெண் பியானோ வாசித்தாள், கேட்டுவிட்டு வந்தேன் என்றேன். இதற்கா அவ்வளவு தூரம் என்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.