கண்டெடுத்தவர் பெயர்

ஆஸ்பத்திரி ஆயா செல்லம்மா எங்கள் வீட்டில் பால் வாங்க வந்த இடத்தில்தான் சொன்னாள். "நம்ம காசிம் டிஸ்பென்சர் மவுத்தாகிட்டாருங்களாம், அம்மா. முந்தாநாளே மாத்தளையில அடக்கிட்டாங்க. எனக்கே இப்பதான் தெரியும்."

குழந்தைக்கு அன்றும் இருமல். செய்தியைக் கேட்டுக்கொண்டே அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். எங்கள் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துவந்த அவர் இரண்டு மாதமாக நெஞ்சு வலியென்று லீவில் இருந்தார். திரும்பி வந்துவிடுவார் என்றுதான் நானும் இந்த அஞ்சலியைப் படிக்கும் உங்களில் பலரும் நாளைத் தள்ளிக்கொண்டிருந்தோம். அழுகை வரவில்லை. களைப்புத்தான் வந்தது.

அவரை அறிந்தவர்களுக்கு அந்த மைல்கல்லும் தெரியும். அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தேயிலைத் தோட்டத்து ஆள் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டுமென்றால் தோட்டத்தை நடத்தும் துரையின் சீட்டு வேண்டும். தோட்டத்துப் பேர்ப் புத்தகத்திலிருந்து பெயர் வெட்டப்பட்டவர்களுக்குத் துரை சீட்டுத் தருவதில்லை. அவர்கள் இப்போது தோட்டத்து ஆள் இல்லையாம். கிராமத் தலைவரான ஆரச்சியிடம் போனால், தோட்டத்து ஆளுக்கு நான் எப்படி எழுதுவது என்பார். ஆனால் அரசாங்க ரோட்டில் விழுந்து கிடக்கும் ஒருவரை யாராவது கண்டு சொன்னால், சீட்டு இல்லாமலே சேர்த்தாக வேண்டும். அதற்கென்று ஒரு புத்தகம் உண்டு. அதில் 'கண்டெடுத்தவர் பெயர்' என்று ஒரு கட்டம். அந்தப் பெயர் ஆஸ்பத்திரி ஆளுடையதாக இருக்கக் கூடாது.

காசிம் டிஸ்பென்சர் சீட்டில்லாமல் வாசலுக்கு வருபவர்களைத் திருப்பி அனுப்பியதே இல்லை. நூறு அடி கீழே இறங்கி, ரோட்டோரத்து மைல்கல்லுக்குப் பக்கத்தில் போய்ப் படுக்கச் சொல்வார். பிறகு, கண்டெடுப்பதற்கு ஓர் ஆளைத் தேடுவார்.

என் கணவர் தபாற்கந்தோர் மாஸ்டர். எங்கள் வீடு அந்த மைல்கல்லுக்கு நேரெதிரே. நான் கண்டியில் காலேஜ் படித்தவள் என்று டிஸ்பென்சருக்கு யார் சொன்னார்களோ தெரியாது. நாங்கள் இங்கே வந்து சேர்ந்த முதல் மாதமே தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். "தங்கச்சி, வண்டிக்காரன் கைரேகை வெச்சா கச்சேரி ஆபீசுல ஆயிரம் கேள்வி கேக்குறாங்க. இங்கிலீசு கையெழுத்துன்னா ஒருத்தனும் வாய் தொறக்குறதில்ல. ரோட்டுல ஒருத்தர் கெடக்குறாரு. கொஞ்சம் வந்து பாத்துட்டுப் போங்க." போய்ப் பார்த்தேன். கிழவர் ஒருவர் மைல்கல்லில் சாய்ந்து, வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். டிஸ்பென்சர் அவரைக் கடிந்துகொண்டார். "விழுந்து கெடக்கிற மனுசன் வெத்தலை போடுறதா? துப்பு, துப்பு." கிழவர் துப்பிவிட்டு ஒழுங்காகப் படுத்தார். நான் கையெழுத்துப் போட்டேன்.

அன்று மாலை என் கணவர் சாப்பிடவில்லை. அரசாங்க உத்தியோகக்காரன் வீட்டில் அரசாங்கப் புத்தகத்தில் பொய் எழுதலாமா என்று ஒரே ஒரு தடவை கேட்டார். இதை டிஸ்பென்சரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "தோட்டத்து லயத்துல விழுந்தா துரைட பொறுப்பு. கிராமத்துல விழுந்தா ஆரச்சிட பொறுப்பு. ரெண்டு பேரும் இல்லேங்கிறாங்க. ரோடு ராசாவோடது. ராசா இன்னும் இல்லேன்னு சொல்லல்ல, தங்கச்சி."

ஒரு நாளைப் பற்றி எழுதாமல் விட்டால் இந்த அஞ்சலி பொய்யாகிவிடும். என் மகன் பிறந்து நாற்பது நாள். அவனுக்குக் காய்ச்சல். மழை பிடித்த பிற்பகலில் டிஸ்பென்சர் குடையோடு வந்து, மைல்கல்லில் ஒரு பெண் இருக்கிறாள், பிள்ளை பெற்ற உடம்பு, குளிர்க்காய்ச்சல் என்றார். நான் கதவைப் பாதிதான் திறந்தேன். இன்றைக்கு முடியாது, தொற்றிக்கொள்ளும் என்றேன். அவர் திரும்பிப் போனார். ஜன்னல் வழியே பார்த்தேன். அவள் தலைக்கு மேல் தன் குடையை விரித்து வைத்துவிட்டு, அவர் ரோட்டில் நனைந்தபடி வண்டி ஏதாவது வருமா என்று நின்றார். நெடுநேரம் கழித்துத்தான் ஒரு மாட்டு வண்டி வந்தது. வண்டிக்காரன் ரேகை வைத்தான்.

மூன்றாம் நாள் அவள் இறந்துபோனாள். அந்த ரேகைக்காக டிஸ்பென்சரிடம் விளக்கம் கேட்டுக் கச்சேரியிலிருந்து கடிதம் வந்தது. அது வந்தது எங்கள் தபாற்கந்தோர் வழியாகத்தான்.

நான் போய் அவர் முன் நின்றேன். என்னால்தானா என்று கேட்டேன். அவர் மருந்துப் போத்தலைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "நீங்க ஒப்பம் வெச்சிருந்தாலும் அவ மூணு நாளுதான் இருந்திருப்பா. மழையில மட்டும் இருந்திருக்க மாட்டா." அதற்கு மேல் ஆறுதலும் இல்லை, குறையும் இல்லை. என் மகனுக்கு இப்போது காய்ச்சல் எப்படி என்று கேட்டார். ஒரு சிறிய போத்தலில் மருந்து ஊற்றித் தந்தார்.

அதன் பிறகு அவர் என்னைக் கூப்பிட வரவே இல்லை. நான்தான் காலையும் மாலையும் ஜன்னலில் நின்று மைல்கல்லைப் பார்க்கப் பழகினேன். ஆள் தெரிந்தால் குழந்தையை, பால் வாங்க வரும் செல்லம்மாவிடம் கொடுத்துவிட்டு இறங்கிப் போவேன். போகும்போதெல்லாம் பயந்துகொண்டுதான் போவேன். வந்ததும் சீயக்காயால் கை கழுவுவேன். தோல் உரியும்வரை கழுவியிருக்கிறேன்.

செல்லம்மா செய்தி சொன்னதற்கு மறுநாள் காலையும் மைல்கல்லில் ஒருத்தி இருந்தாள். கால் வீங்கியிருந்தது. யார் அனுப்பியது என்று கேட்டேன். "காசிம் தொரை இருக்காரு, அந்தக் கல்லுல போய்ப் படுன்னு எங்க லயத்துல சொன்னாங்க" என்றாள். அவர் இல்லை என்று அவளிடம் சொல்லாமலே ஆஸ்பத்திரிக்கு ஏறிப் போனேன்.

புதிய டிஸ்பென்சர் சின்ன வயதுக்காரர், மரியாதையானவர். புத்தகத்தின் பழைய பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார். எல்லாப் பக்கத்திலும் என் பெயர்தான். "போஸ்ட் மாஸ்டர் அம்மாவுக்குத்தான் எல்லாரும் கண்ணுல படுறாங்க போல" என்றார். பிறகு பேனாவைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்: "இவங்க ரோட்டுல விழுந்ததை நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன்" என்றேன்.

காசிம் டிஸ்பென்சர் எனக்கு விட்டுப்போனது இந்த ஒரு சொல்தான். அதைப் புத்தகத்தில் என் முழுப் பெயரோடு இங்கிலீசில் எழுதினேன். புதியவர் அந்தக் கையெழுத்தைப் பார்த்தார். பிறகு, பெண்கள் வார்டில் ஒரு கட்டில் போடச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார்.