விமலாதேவியின் பத்து நிமிடம்

அரசியல்வாதிகளை விமலாதேவி பெரிதாக வெறுத்தார் என்று சொல்ல முடியாது. பொய் சொல்வது அவர்களுடைய தொழில் என்று விட்டுவிடுவார். அவர்களுக்குப் பின்னால் மாலையும் கையுமாக ஓடுகிற நம்மவர்களைத்தான் அவருக்குக் கண்ணிலே காட்டக்கூடாது.

யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், எழுதுவினைஞராக இருந்தவர் அவர். எண்பத்தைந்தில் கணவர் பாலகிருஷ்ணனோடு சிட்னிக்கு வந்து, மேற்குப் புறநகரில் ஒரு வைத்தியசாலையின் சலவைப் பகுதியில் வேலைக்குச் சேர்ந்தார். பகல் இரண்டு மணி வரை நோயாளிகளின் படுக்கை விரிப்புகள். பிறகு நூலகத்தில் உள்ளூர்ப் பத்திரிகைகள். எதை மறைக்க எந்தச் சொல்லைப் போடுவார்கள் என்பது கச்சேரியில் கற்றது. ‘பரிசீலனையில் உள்ளது’ என்றால் எந்த நாட்டிலும் குப்பைக்கூடைதான் என்பார்.

எண்பத்தொன்பதில் அந்தப் பகுதிச் சமூக வானொலியில் சனிக்கிழமைகளில் தமிழுக்கு ஒரு மணி நேரம் கிடைத்தது. பாட்டு, கோயில் அறிவித்தல், பிறந்தநாள் வாழ்த்து, மரண அறிவித்தல் என்று அது ஓடியது. ஒருநாள் வாழ்த்து வாசிப்பவர் வரவில்லை. பத்து நிமிடத்தை நிரப்ப விமலாதேவியைக் கூப்பிட்டார்கள். அந்த வாரம் உள்ளூர் நகரசபையான கவுன்சிலின் கூட்டத்தில் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து எழுதி வந்ததை அவர் அப்படியே வாசித்தார்: எந்தப் பூங்காவை விற்கப் போகிறார்கள், யார் கை தூக்கினார், யார் தூங்கி விழுந்தார். அதன்பின் அந்தப் பத்து நிமிடம் அவருடையதானது. கவுன்சிலோடு மாநில நாடாளுமன்றமும் அதில் சேர்ந்தது.

நிகழ்ச்சியை நடத்திய சங்கத்துக்கு வரதராஜா தலைவர். பொறியியலாளர். அவர் வீட்டு வரவேற்பறையில் அமைச்சர்களோடு எடுத்த ஏழு படங்கள் தொங்கின. ஏழிலும் வரதராஜா அமைச்சரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார்; அமைச்சர் வேறு யாரையோ பார்த்துக்கொண்டிருப்பார். அந்தச் சுவருக்கு முன் உட்கார்ந்து தேநீர் குடிப்பதே தண்டனை என்று விமலாதேவி கணவரிடம் சொன்னார்.

தொண்ணூற்றொன்பதில் மாநிலத் தேர்தல் வந்தது. தொகுதி உறுப்பினர் நேரடி ஒலிபரப்புக்கு வரச் சம்மதித்துவிட்டார் என்று வரதராஜா ஊரெல்லாம் தொலைபேசி எடுத்துச் சொன்னார். கேள்விகளைத் தானே தட்டச்சு செய்து கொண்டுவந்து விமலாதேவியிடம் கொடுத்தார். முதல் கேள்வி, தமிழர் பண்பாட்டில் உங்களுக்குப் பிடித்தது எது?

உறுப்பினர் வந்தார். பொன்னாடையைத் தோளில் போட்டபடியே உட்கார்ந்தார். தமிழரின் உணவு பிடிக்கும் என்றார், குறிப்பாக வடை. வரதராஜா ஒலிபரப்பு அறைக் கண்ணாடிக்கு வெளியே நின்று தலையாட்டினார்.

விமலாதேவி கடதாசியைக் கவிழ்த்து வைத்தார். ரயில் நிலையத்துக்கு லிஃப்ட் எப்போது வரும் என்று கேட்டார். அங்கே நாற்பத்தெட்டுப் படிகள். தள்ளுவண்டியோடு வரும் தாய்மாரும் முழங்கால் போனவர்களும் அடுத்த நிலையத்துக்குப் போய் ஏறினார்கள். அடுத்த ஆட்சிக் காலத்தில் அதுவே தன் முதல் வேலை என்றார் உறுப்பினர்.

விமலாதேவி தன் பையிலிருந்து இரண்டு கசெட்டுகளை எடுத்து ஒலிக்கவிட்டார். ஒன்று தொண்ணூற்றொன்றுத் தேர்தல் கூட்டத்தில் பதிந்தது, மற்றது தொண்ணூற்றைந்தில். இரண்டிலும் அதே குரல், அதே லிஃப்ட், அதே முதல் வேலை. பிறகு மூன்றையும் தமிழில் சொன்னார். ஒரே வசனம்தான், ஆகவே மொழிபெயர்க்கச் சிரமமில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். உறுப்பினர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இன்னொரு கூட்டம் இருக்கிறது என்று பொன்னாடையோடு எழுந்து போய்விட்டார்.

அன்று பத்தொன்பது தொலைபேசி அழைப்புகள் வந்தன. பத்தொன்பதும் வீடு தேடி வந்த விருந்தாளியை அவமதித்த குற்றம் பற்றியவை. படிக்கட்டைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை. அதில் ஐந்து பேர் தினமும் அந்தப் படியேறி வேலைக்குப் போகிறவர்கள் என்பது விமலாதேவிக்குத் தெரியும்.

அடுத்த வாரம் சங்கக் கூட்டம்.

“ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதித் தாங்கோ. நான் நேரிலை கொண்டுபோய்க் குடுக்கிறன்,” என்றார் வரதராஜா.

“அவர் மூண்டுதரம் எங்களிட்டைக் கேக்கட்டும். பிறகு நான் ஒருதரம் கேக்கிறன்.”

விமலாதேவியை நிகழ்ச்சியிலிருந்து நிறுத்துவது என்று கை தூக்கினார்கள். கூட்டத்தில் பாலகிருஷ்ணனும் இருந்தார். அவருடைய கை பாதி வரை எழும்பியது, அங்கேயே நின்று யோசித்தது, பிறகு மூக்கைச் சொறிந்தது.

காரில் ஏறியதும் விமலாதேவி, “மூக்கு இப்ப சுகமோ?” என்று கேட்டார்.

தேர்தலில் உறுப்பினர் முன்னைவிட அதிக வாக்குகளோடு வென்றார். பத்து நிமிடம் மறுபடி பிறந்தநாள் வாழ்த்துக்குப் போனது. மூன்று மாதம் விமலாதேவி வானொலியைத் திறக்கவேயில்லை. ஆனால் கவுன்சில் கூட்டத்தை மட்டும் விடவில்லை. எதற்கு எழுதுகிறோம் என்று தெரியாமலே குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். ஒருநாள் அங்கே வந்த வானொலி நிலைய முகாமையாளர், ஓர் ஆஸ்திரேலியப் பெண், அவரை வெளியே நிறுத்தி, காலை ஆங்கில நிகழ்ச்சிக்குக் கவுன்சில் செய்தி தர ஆளில்லை, வருவீர்களா என்று கேட்டார். தன் உச்சரிப்பை நினைத்து விமலாதேவி இரண்டு வாரம் தயங்கினார். முதல் நாள் செய்தி வாசித்து முடித்ததும் தொலைபேசி அடித்தது. உச்சரிப்பைப் பற்றி நான்கு பேர் முறைப்பாடு செய்தார்கள். ஏழு பேர் அன்றைய செய்தியில் வந்த பூங்கா விற்பனைக்கு எதிராக எங்கே கையெழுத்துப் போடலாம் என்று கேட்டார்கள். அந்த ஏழு பேர் அவருக்குப் போதும்.

இரண்டாயிரத்து ஆறில் லிஃப்ட் வந்தது. நாடா வெட்டும்போது முதல் வரிசையில், உறுப்பினரின் தோளை உரசியபடி வரதராஜா நின்றார். ஒலிப்பதிவுக் கருவியோடு நின்ற விமலாதேவியைக் கண்டதும் அருகே வந்தார்.

“பாத்தீங்களே, எங்கடை முயற்சி வீண்போகேல்லை.”

“ஓம்,” என்றார் விமலாதேவி. “படம் வடிவா வரும்.”

உறுப்பினரோ கருவியைக் கண்டவுடன் பின்பக்கப் படியால் இறங்கிப் போய்விட்டார். அந்த வாரச் செய்தியில் விமலாதேவி லிஃப்ட் வந்ததையும் அவர் படியால் இறங்கிப் போனதையும் ஒரே வசனத்தில் சொல்லி முடித்துவிட்டு, குப்பைத்தொட்டி எடுக்கும் நாள் மாறுவதைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.