எல்லோரும் பார்க்கக் கை உயர்த்துதல்

வெளிப்படைத்தன்மை என்ற சொல்லை எங்கள் கமக்காரர் அமைப்பின் யாப்பு விதிகளில் எழுதிச் சேர்த்தவன் நான்தான். நாலு புத்தகம் வாசித்தவன் என்பதால் செயலாளர் பதவியை என் தலையில் கட்டியிருந்தார்கள். அதுவரை அவரவர் வாக்கைப் பேர் போடாத துண்டுக் கடதாசியில் எழுதி ஒரு பிஸ்கட் ரின்னில் போடுவதுதான் வழக்கம். இதில் என்ன ஒளிப்பு, எல்லோரும் பார்க்கக் கை உயர்த்துவோம் என்று அரைமணி நேரம் பேசினேன். ஒருவரும் மறுக்கவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

இந்த வருடம் இரணைமடுக் குளத்தில் தண்ணீர் குறைவு. சிறுபோகத்துக்கு, அதுதான் கோடை நெல்லுக்கு, எந்தெந்த வயலுக்குத் தண்ணீர் என்று கூட்டம் முடிவெடுக்க வேண்டும். வாய்க்காலின் கடைசியில் அரை ஏக்கர் செய்கிற அக்காவை இம்முறை விட்டுவிடலாம் என்றார் தலைவர். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம், கணவர் இல்லை. அந்த நெல்தான் அவாவுக்கு வருடச் சோறு. கூட்டத்துக்கு முன் வீடுவீடாக வந்து கேட்டிருந்தா. "ஓம் அக்கா, உங்கட பக்கந்தான்" என்று எல்லோரும் சொல்லியிருந்தோம்.

"அக்காவைச் சேர்க்க விருப்பமானவை கையை உயர்த்துங்கோ," என்ற தலைவர், கதிரையைத் திருப்பி எங்களைப் பார்த்தபடி இருந்தார். ஊரில் நெல் வெட்டும் மெசின் ஒன்றுதான். அது அவருடையது. யாருடைய வயலில் முதலில் இறங்கும், யாருடைய கதிர் மழையில் நனையும் என்பதெல்லாம் அவர் விருப்பம்.

ஒரு கை உயர்ந்தது, அக்காவுடையது. என் கை பாதிவழி போய், காதைச் சொறிந்துவிட்டுத் திரும்பியது.

"என்ன செயலாளர், கையோ காதோ?"

எல்லோரும் சிரித்தார்கள். "காதுதான் அண்ணை," என்றேன்.

வெளிப்படைத்தன்மை என்றால் ஒளிவுமறைவின்மை என்கிறது அகராதி. யாருடைய கண்ணுக்கு முன்னால் என்று அது சொல்வதில்லை. 'வெளிப்படையான வாக்கெடுப்பில் பெரும்பான்மை முடிவு' என்று கூட்டக் குறிப்பில் எழுதிக் கையெழுத்தும் வைத்தேன்.

வெளியே சைக்கிளை எடுக்கும்போது அக்கா வந்தா.

"தம்பி, போனமுறையும் என்னை விடத்தானே பாத்தவை. ரின்னுக்குள்ள எனக்குப் பதினெட்டுத் துண்டு விழுந்தது. அதை ஏன் நிப்பாட்டினனீங்கள்?"

"அது மறைவான முறை அக்கா. இது நேர்மையான..."

"சரி, நான் பயறு போட்டுப் பாக்கிறன். அதுக்கு இவ்வளவு தண்ணியும் வேண்டாம், உங்கட கையும் வேண்டாம்."

பயறு வருடச் சோறாகாது என்பது இருவருக்கும் தெரியும். நான் தலையாட்டினேன். தலை மட்டும் தடையில்லாமல் அசைகிறது.