காதை அடைக்கிற வேலை

உங்கள் காது எவ்வளவு ஆழம், உள்ளே போய் எந்தப் பக்கம் வளைகிறது என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் பரவாயில்லை, என் மாதிரி ஆட்களிடம் வந்தால் தெரிந்துவிடும். காரைக்காலில் காது மிஷின் விற்கிற ஒரு சின்னக் கடையில், வருகிறவர்கள் காதுக்குள் மாவு அடைத்து அச்சு எடுப்பது என் வேலை. மிஷின் என்றால் சிகரெட் பெட்டி அளவு ஒரு டப்பா, அதிலிருந்து ஒரு ஒயர், ஒயர் நுனியில் சட்டைப் பொத்தான் போல ஒரு இயர்போன். அந்தப் பொத்தானைக் காதில் நிறுத்துவதற்கு அவரவர் காது அளவிலேயே ஓர் அச்சு வேண்டும். நான் எடுக்கிற மாவு அச்சு மெட்ராஸ் போய், இரண்டு வாரத்தில் கெட்டிப் பிளாஸ்டிக்காகத் திரும்பி வரும்.

அச்சு இறுக்கமாக உட்கார்ந்தால் பேச்சு உள்ளே போகும், தெரு இரைச்சல் வெளியே நிற்கும். தளர்ந்தால் ஒன்றும் கேட்காது. அதனால் இறுக்கமாக எடு, இறுக்கமாக எடு என்பார்கள். சரி, எடுக்கலாம். ஆனால் இறுக்கமாகப் போனது திரும்ப வெளியே வர வேண்டுமே. மாவு கெட்டியாகிற ஏழெட்டு நிமிஷமும் எனக்கு இந்த ஒரே பயம்தான். வீட்டில் காது மிஷினோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

நூல் வெளியே இருக்கிறதா

எங்கள் சார் மெட்ராஸில் இதற்கென்றே படித்துவிட்டு வந்தவர். அவருக்கு விரல்கள் வாழைக்காய் மாதிரி. எனக்குப் பென்சில் மாதிரி. பத்தாவது படித்திருந்தேன், கோவில்பத்தில் அவருக்குப் பக்கத்து வீட்டில் இருந்தேன், விரல் ஒல்லியாக இருந்தது. இந்த மூன்று தகுதியில் வேலை கிடைத்தது.

முதல் நாள் சார் ஒரு பஞ்சு உருண்டையை நூலில் கட்டிக் காட்டினார். "மாவுக்கு முன்னாடி இதை உள்ளே வைக்கணும். நூல் வெளியே தொங்கணும். இது இல்லாம மாவு போனா செவிப்பறையில போய் ஒட்டிக்கும். அப்புறம் அவங்களும் அழுவாங்க, நாமளும் அழுவோம்" என்றார். அதைக் கேட்ட பிறகு எனக்கு மாவு பிசையக் கை வரவில்லை.

முதலில் வந்தது திருவேட்டக்குடியிலிருந்து மீன் விற்கிற ஓர் அம்மா. பஞ்சு வைத்தேன். நூல் தொங்குகிறதா என்று பார்த்தேன். மாவை சிரிஞ்சில் அடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன். காது நிறைந்த பிறகும் நூலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். "ஏம்மா, காது என்னுது. நடுங்குறது நீயா?"

பஸ்ஸில் விசில்

அச்சு தளர்ந்தால் கேட்காது என்றேன் அல்லவா, அதோடு போகாது. இயர்போனிலிருந்து கசிகிற சத்தம் திரும்பவும் டப்பாவுக்குள் புகும், டப்பா அதைப் பெரிசாக்கி அனுப்பும், அது மறுபடி கசியும். கடைசியில் கீச் என்று ஒரு விசில். கொடுமை என்னவென்றால், மாட்டியிருக்கிறவருக்கு அந்த விசில் கேட்காது. மற்ற எல்லாருக்கும் கேட்கும்.

ஒரு ஆபீஸில் கிளார்க்காக இருந்த ஒருவர் தினமும் பஸ்ஸில் டவுனுக்கு வருவார். அவர் அச்சு நான் எடுத்தது. இறுக்கினால் வராமல் போய்விடுமோ என்று பயந்து மாவைக் குறைவாகப் போட்டிருந்தேன். ஒரு நாள் காலையில் நல்ல கூட்டம். பக்கத்தில் நின்றவர் முழங்கை அவர் காதில் பட்டு அச்சு அசைந்தது. கீச். கண்டக்டர்தான் விசில் அடிக்கிறார் என்று டிரைவர் பிரேக் போட்டார். தயிர்க்காரம்மாவின் கூடை ஒரு பக்கம், பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு பக்கம். "நான் அடிக்கலண்ணே" என்று கண்டக்டர் சத்தம் போட, பஸ் கிளம்பியது. மறுபடி கீச். மறுபடி பிரேக். யாரடா விசில் வைத்திருப்பது என்று சட்டைப் பைகளைத் தடவ ஆரம்பித்துவிட்டார்கள். எல்லாரும் தன்னையே பார்க்கிறார்கள், ஏன் என்று தெரியவில்லை, அடிக்கப் போகிறார்களோ என்று பயந்து நடுவழியிலேயே இறங்கி நடந்து வந்திருக்கிறார் மனிதர்.

வேர்த்து விறுவிறுத்து வந்து என் எதிரே உட்கார்ந்தார். மறுபடி அச்சு எடுக்க வேண்டும், இந்தத் தடவை பயப்படாமல் நிறைய மாவு போட வேண்டும் என்றேன். அவர் கேட்டது ஒன்றுதான். "நாளைக்கும் அதே பஸ்ஸுலதான் போவணும். அதுக்குள்ள ஏதாவது பண்ணும்மா."

கத்திரி வெயில்

மாவு என்பது ஒரு பொடி, ஒரு திரவம், இரண்டையும் கண்ணாடிக் கிண்ணத்தில் குழைப்பது. புத்தகத்தில் போட்டிருக்கிற நேரம் ஏதோ குளிர் ஊருக்குப் போட்டது. சித்திரை கடைசியில் எங்கள் கடையில் அது பாதி நேரத்திலேயே கல்லாகிவிடும். ஒருவரிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே எடுத்ததில், காது அரைவாசி நிறைந்திருக்கும்போது சிரிஞ்சுக்குள்ளேயே மாவு இறுகிவிட்டது. காதில் பாதி, சிரிஞ்சில் பாதி, இரண்டும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. கையை விட்டால் அவர் காதிலிருந்து சிரிஞ்சு தொங்கும். கையை விடாமல் நான் சாரைக் கூப்பிட்டேன். அவர் வந்து மெதுவாகத் திருகிக் கழற்றினார். அன்றிலிருந்து திரவ பாட்டிலைத் தண்ணீர்ப் பானைக்கு அடியில் ஈர மணலில் புதைத்து வைக்கிறோம். சார் என்னைத் திட்டவில்லை. "குழந்தைக்கு என்ன பேருன்னு அவர்கிட்ட நீ கேட்டு முடிக்கிற வரைக்கும் மாவு காத்திருக்காதும்மா" என்றார்.

வெற்றிலை வாய்

அம்பகரத்தூரிலிருந்து ஓர் அம்மா வந்தார். நெல் நிலம், மாடு, கூட ரெண்டு மருமகள்கள், எல்லாவற்றையும் சத்தம் போட்டே நடத்துகிறவர். அவருக்கு அச்சு கச்சிதம். உட்கார வைத்துப் பேசினால் எல்லாம் கேட்கிறது, ஒரு கீச்சும் இல்லை. வீட்டுக்குப் போனால் கத்துகிறதாம். மூன்று தடவை பஸ் ஏறி வந்தார். மூன்று தடவையும் கடையில் ஒழுங்காக இருந்தது. நான்காவது தடவை பொறுமை போய், மடியிலிருந்து சுருக்குப் பையை எடுத்து வெற்றிலை போட்டார். மென்றார். கீச். நிறுத்தினார். சத்தமில்லை. மென்றார். கீச்.

நீங்களும் காதுக்குள் விரலை வைத்துக்கொண்டு மென்று பாருங்கள். தாடை ஆடும்போது காதுக்குள் இடம் விரியும், சுருங்கும். நாங்கள் எல்லாரையும் வாயை மூடி ஆடாமல் உட்காரச் சொல்லி அச்சு எடுக்கிறோம். இந்த அம்மாவோ விடிந்தால் அடைந்தால் மெல்லுகிற ஆள். அன்று சார் தபாலாபீஸ் போயிருந்தார். கேட்க ஆள் இல்லை. "நல்லா மெல்லுங்க, நிறுத்தாம மெல்லுங்க" என்று சொல்லிக்கொண்டே மாவை உள்ளே விட்டேன். மாவு நசுங்கிப் போகுமோ, உள்ளே உடைந்து நின்றுவிடுமோ என்று பயந்துகொண்டேதான் விட்டேன். ஆனால் முழுசாக வந்தது.

மாவு இறுகுவதற்குள் உள்ளே நுழைந்த சார், அச்சு எடுக்கும்போது வெற்றிலை மெல்லுகிறவரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். "இது எந்தப் புஸ்தகத்துல இருக்கு?" என்று என்னைக் கேட்டார். அந்த அம்மாதான் பதில் சொன்னார். "என் வாயில இருக்குங்க."

இப்போது எல்லாருக்கும் மெல்லச் சொல்லித்தான் எடுக்கிறோம். வெற்றிலை பழக்கம் இல்லாதவர்களுக்குப் பொட்டுக்கடலை.

மிஷின் வேண்டாம், அடைப்பு போதும்

நெல் அரவை மில்லில் வேலை பார்க்கிற ஒருவர் வந்தார். காது நன்றாகக் கேட்கும். மில் இரைச்சலில் தலை வலிக்கிறது, சத்தம் போக ஓட்டை போடாமல் ரெண்டு காதுக்கும் அச்சு மட்டும் செய்து கொடுங்கள் என்றார். எனக்கு அதற்குள் கை வசப்பட்டிருந்தது. நல்ல இறுக்கமாக, காற்றுகூடப் புகாமல் எடுத்துக் கொடுத்தேன். எனக்கே என் வேலை மேல் கொஞ்சம் பெருமை.

ஒரு மாசம் கழித்து அவர் மனைவி வந்தார். மில்லில் பெல்ட்டு அறுந்திருக்கிறது. எல்லாரும் கத்திக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். இவர் மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு மூட்டை தைத்துக்கொண்டிருந்திருக்கிறார். யாரோ சட்டையைப் பிடித்து இழுத்ததில், அறுந்த பெல்ட்டு அவர் நின்ற இடத்தில் சுவரை அறைந்துவிட்டுப் போயிருக்கிறது. அந்தப் பெண் முந்தானையில் முடிந்து வைத்திருந்த இரண்டு அச்சையும் அவிழ்த்து மேஜை மேல் வைத்தார். "நல்லாத்தான் அடைச்சிருக்கீங்க. அதான் திருப்பிக் கொண்டாந்தேன்."

வராதது

இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்றுகூடப் பார்த்தேன்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். அப்படி ஒரு சொல்தா ஐயா தன் மருமகளோடு வந்தார். வலது காது சண்டையிலேயே போய்விட்டது. இடது காதில்தான் கொஞ்சம் மிச்சம், அதுவும் காதருகே வந்து கத்தினால்தான். சார் கும்பகோணத்துக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார். எனக்குத்தான் கை வசப்பட்டுவிட்டதே, நானே எடுக்கிறேன் என்று உட்கார வைத்தேன்.

எப்போதும் கேட்கிற கேள்விகளைக் கேட்டேன். காதில் சீழ் வருமா, செவிப்பறையில் ஓட்டை உண்டா, ஆபரேஷன் ஏதும் ஆகியிருக்கிறதா. மருமகள் எல்லாவற்றுக்கும் இல்லை என்று தலையாட்டினார். இடது காதுக்குப் பின்னால் வெள்ளையாக ஒரு தழும்பு இருந்தது. பார்த்தேன், பட்டாளத்துக்காரர் உடம்பில் தழும்பு இருக்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டேன். பஞ்சு வழக்கத்தைவிட உள்ளே வழுக்கிக்கொண்டு போனது. அப்போதும் எனக்குத் தோன்றவில்லை. ஒரு சிரிஞ்சு மாவு முழுக்கப் போயும் காது நிறையவில்லை. பெரிய காது போலிருக்கிறது என்று இன்னும் கொஞ்சம் குழைத்து விட்டேன். பொட்டுக்கடலை மென்றுகொண்டு அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

எட்டு நிமிஷம் கழித்து மேல் பக்கமாகத் திருகினேன். வரவில்லை. காதைப் பின்னுக்கு இழுத்துத் திருகினேன். அசையக்கூட இல்லை. நூலைப் பிடித்து இழுத்தேன். நூல் மட்டும் கையோடு வந்தது.

"என்ன, வரமாட்டேங்குதா?" என்றார் மருமகள். ஐயாவுக்கு இப்போது ஒரு சத்தமும் கிடையாது. இருந்த ஒரு காதையும் நான் பூட்டிவிட்டேன். பயப்படாதீர்கள் என்று சொல்லக்கூட வழியில்லை. அவர் என் முகத்தையே பார்த்தார். என் முகத்தில் என்ன இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

ரிக்‌ஷாவில் ஏற்றிக் காது டாக்டரிடம் கொண்டு போனோம். வழியில், காது கேட்காதவர்கள் பேசுகிற மாதிரி சத்தமாக, "ஒண்ணுமே இல்லம்மா, ஒரு பொட்டு சத்தம் இல்ல" என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

டாக்டர் எண்ணெய் விட்டு, சின்னக் கொக்கியால் துண்டு துண்டாக உடைத்து எடுத்தார். எப்போதோ பட்டாளத்து ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து, காதுக்குள் எலும்பைக் குடைந்து எடுத்திருக்கிறார்கள். வாசல் சின்னது, உள்ளே பெரிய அறை. அறை நிறைய நான் மாவை அடைத்திருக்கிறேன். ஒன்றரை மணி நேரம் ஆனது. வீட்டில் விட்டுவந்த என் கைப்பிள்ளைக்குப் பால் கொடுக்கிற நேரம் தாண்டி எனக்கு மார் கட்டிக்கொண்டு வலித்தது, ரவிக்கை நனைந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றேன். மிச்சம் இருந்த அந்தக் கொஞ்சம் காதும் என்னால் போயிருந்தால், இந்தக் கடைப் பக்கமே இனி வருவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

கடைசித் துண்டு வந்தது. பஞ்சில் ரத்தம். டாக்டர் காதருகே குனிந்து, "கேக்குதா?" என்று கத்தினார். ஐயா காதைத் தடவிக்கொண்டார். மறுபடி கத்தினார்.

"கேக்குது. அதுக்கு ஏன் இப்படி எச்சில் தெறிக்குது?" என்றார் ஐயா.

டாக்டருக்குக் கோபம். "ஆபரேஷன் ஆனத இந்தப் பொண்ணுகிட்ட முன்னாடியே சொல்ல வேணாமா?" என்று அதே குரலில் கேட்டார். ஐயா என்னைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார். கல்யாணமாகி வந்து நாலு வருஷமான அந்தப் பெண்ணுக்கு அந்தப் பழைய கதை எப்படித் தெரியும்? "இந்தப் பொண்ணு அவளப் பாத்து என்னமோ கேட்டுச்சு. அவ தலைய ஆட்டுனா. என்னப் பாத்து யாரும் ஒண்ணும் கேக்கலையே" என்றார்.

காது ஆறி, டாக்டர் சரி என்று சொன்ன பிறகு மறுபடி வந்தார். சார் உள் அறை முழுக்கப் பஞ்சை வைத்து அடைத்துக் கொடுக்க, வாசலுக்கு மட்டும் நான் அச்சு எடுத்தேன். ஐயா தனியாக வந்திருந்தார். மருமகள் எங்கே என்று காதருகே குனிந்து கேட்டேன். "அவளுக்குத்தான் எல்லாம் தெரியுமே. அதான் வீட்டுலயே விட்டுட்டு வந்தேன்."

மூன்று வருஷமாக ஊர்க் காதையெல்லாம் இறுக்கி அடைத்த அனுபவத்தில், இப்போது யார் வந்தாலும் காதைத் தொடுவதற்கு முன் கூட வந்தவரிடம் நான் பணிவாகக் கேட்டுக்கொள்வது இதுதான்: "நீங்க கொஞ்சம் வெளியில உக்காருங்களேன்."