மணி விழுந்து கிடைத்த விமான லைசன்ஸ்

அம்மன் அடியார்களே, எனக்குக் கூட்டத்தில் பேச வராது. அதனால் எழுதித் தருகிறேன். கோபம் இன்னும் தீரவில்லை.

நான் தேயிலைத் தோட்டத்துத் துரையின் காரோட்டி. படிப்பு ஐந்தாம் வகுப்பு. துரை கொழும்புக்குப் பக்கத்தில் இரண்டு பேர் உட்காரும் சிறிய விமானம் வைத்திருந்தார். சனிக்கிழமைதோறும் அவரை அங்கே கொண்டுபோவேன், எஞ்சினைத் துடைப்பேன். ஒருநாள், "ஏறு மாணிக்கம். காரு ஓட்டுற கைதானே?" என்றார். இரண்டு வருஷம் பழகினேன். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துத் தனியாகவும் பறந்தேன். பரீட்சையிலும் தேறினேன்.

லைசன்ஸ் எழுதும் ஆபீசில் பிறப்பு அத்தாட்சி கேட்டார்கள். நான் பிறந்ததை யாரும் பதியவில்லை. தோட்டத்து ஆள்களின் பதிவேடான செக்ரோலில் பேர் இருக்கிறது என்றேன். கிளாக்கர் சிரித்தார்.

"தோட்டத்து ஆளுக்கு ஆகாசம் எதுக்கு? கொழுந்து அங்கேயா வளருது?"

வாய் திறக்காமல் வந்துவிட்டேன். குடியுரிமைக்குப் போனபோதும் இப்படித்தான் அனுப்பினார்கள். தேயிலை நிறுக்கும்போது மட்டும் நாங்கள் பிறந்தவர்கள்!

ஆடி வெள்ளியன்று கோயிலில் நின்று அம்மனைத் திட்டினேன். "நான் பொறந்தது ஒனக்காச்சும் தெரியுமா, தெரியாதா? தெரிஞ்சாச் சொல்லு!"

என் மனைவி செல்லம்மா, "ஆபீசுல ஊமையா நின்னுட்டு, ஆத்தாகிட்ட வந்து கத்துறீங்களே!" என்றாள்.

இன்னும் கோபம் வந்தது. மணியை ஓங்கி அடித்தேன். துருப்பிடித்த கொக்கி அறுந்து, மணி என் காலடியில் விழுந்தது. செல்லம்மா அதை எடுத்து முந்தானையால் துடைத்தாள். கற்பூரக் கரிக்கு அடியில் எழுத்து தெரிந்தது. கூட்டிக் கூட்டிப் படித்தேன்.

'மகன் மாணிக்கம் பிறந்ததற்கு, ஆனந்த வருஷம், தை மாதம், கருப்பையா உபயம்.'

கருப்பையா என் அப்பா. எனக்கு நினைவு தெரியுமுன் இறந்தவர். நாற்பது வருஷமாக என் தலைக்கு மேலேயே என் பிறப்பு தொங்கியிருக்கிறது. அழுதேன்.

அட்டன் கடைவீதியில் துணிக்கடை முதலாளி சமாதான நீதவான். மணியைப் பார்த்து, இங்கிலீஷ் வருஷம் கணக்கிட்டு, நான் பிறந்ததற்குச் சத்தியக் கடதாசி எழுதிக் கொடுத்தார். மணியை வேட்டியில் சுற்றி ரயிலில் கொழும்புக்குக் கொண்டுபோனேன். அதே கிளாக்கரின் மேசையில் கடதாசியை வைத்தேன். மணியையும் வைத்தேன். அது ஒலித்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நல்லாப் படிங்க ஐயா. நான் பொறந்திருக்கேன்" என்றேன். அவ்வளவு சத்தமாக நான் யாரிடமும் பேசியதில்லை. அவருடைய மேலதிகாரி கடதாசியை வாங்கிப் பதிந்துகொண்டார். மறுமாதம் லைசன்ஸ் வந்தது. முதலில் செல்லம்மாவைத்தான் ஏற்றிப் பறந்தேன். இறங்கும்வரை அவள் கண் திறக்கவில்லை.

நான் கேட்டதற்கு அம்மன் பதில் சொன்னாள். இப்போது தோட்டத்து லய வீடுகளில் பிள்ளை பிறந்தால் நானே கூடப்போய்ப் பதியவைக்கிறேன். கிளாக்கர்மார் முறைத்தால் நானும் முறைக்கிறேன்.

நீங்களும் அவளிடம் போங்கள். கோபம் இருந்தால் கோபத்தோடே போங்கள். மணியைப் பயப்படாமல் ஓங்கி அடியுங்கள். புதுக் கொக்கி நான் போட்டது, தாங்கும்.